ஏழாம் நம்பர் காட்டில் உன் நிரை

மகனே,

நம் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் தலையில் ஒரு சிலுவை போட்டு, "இயேசுவுக்குப் புகழ்" என்று எழுதிய பிறகுதான் நலம் விசாரிப்போம். இன்றைக்குச் சிலுவை மட்டும் போட்டிருக்கிறேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் மீதியையும் எழுதினால் ஆண்டவரிடமே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். நேற்று ஜெனி போன் பண்ணினாள். நீ சொல்லாமல் மறைத்ததையெல்லாம் உன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். சுகர் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே விலை கூடிய ஷூ வாங்கினாயாம். சோற்றை அறவே நிறுத்தினாயாம். விடியுமுன்னே எழுந்து, நாய் துரத்துகிற மாதிரி கோயம்புத்தூர் ரோட்டில் ஓடினாயாம். அப்படி ஓடி ஒரு நாள் பாலத்தடியில் மயங்கி விழுந்து, யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டானாம். அன்றோடு ஷூ பரணுக்குப் போயிற்று, அன்று மத்தியானமே பிரியாணி வீட்டுக்கு வந்தாயிற்று. "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னுட்டாருங்க அத்தை" என்று அவள் அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, போனை வைத்ததும் மேலே காட்டுக்கு ஓடினேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். கடிதத்தைப் பார்த்து நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

உன் அப்பாவுக்கும் சுகர் இருந்தது உனக்குத் தெரியும். அதை அவர் எப்படி வைத்திருந்தார் என்பதை, நீ ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்ததால், முழுதாகப் பார்க்கவில்லை. அவர் சுகரைத் தவக்காலமாக நினைத்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் வராததுமாகச் சீனி டப்பாவை என் கையில் கொடுத்து, "இத எங்கயாவது ஒளிச்சு வைட்டி, நானே கேட்டாலும் குடுக்காத" என்பார். இறைச்சி கிடையாது, கப்பைக்கிழங்கு கிடையாது, ராத்திரிச் சோறு கிடையாது. செருப்பில்லாமல் தினமும் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு குருசுமலை ஏறுவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஏறினால் போதும் என்று பங்குச் சாமியாரே சொன்னாலும் கேட்கமாட்டார். எஸ்டேட் தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு அப்படியே மலைக்குப் போன நாளெல்லாம் உண்டு. வைராக்கியத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார் என்றால், மாட்டிறைச்சியும் கப்பையும், அதன்மேல் பாயாசமும். "கொஞ்சம் பாத்துத் தின்னுங்க" என்றால், "ஆண்டவரே உயிர்த்து எந்திரிச்சாச்சு, இன்னும் என்னட்டி நோன்பு?" என்பார். லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவேன். அதற்கப்புறம் அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் அவர் நடக்கிற நடை, வீட்டுக்கும் ஃபாக்டரிக்கும் மட்டும்தான். ஹெல்த் சென்டர் டாக்டர் தவக்காலத்தில் பார்த்தால் தட்டிக்கொடுப்பார், ஓணத்துக்குப் பார்த்தால் திட்டி அனுப்புவார். கடைசியில் அந்தக் குருசுமலையில் வெறுங்காலில் குத்திய கல்தான் புண்ணாகி, புண் காலைத் தின்று, காலோடு அவரையும் கொண்டுபோனது. நோன்புக்கு ஈஸ்டர் உண்டு, உடம்புக்கு ஈஸ்டர் கிடையாது என்று அந்த மனுஷனுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது ரோசம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு கொண்டுவந்து தருவாளே, அவள்தான். எஸ்டேட்டில் தேயிலைத் தோட்டத்தைக் காடு என்போம், ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர் இருக்கும், காட்டுக்குள் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிரித்துக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் ஜெனி படித்தால் அவளுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஏழாம் நம்பர் காட்டில் மேல்கோடி நிரை ரோசம்மா அக்காவுக்கு, அடுத்த நிரை எனக்கு. மழை விட்டுக் கொழுந்து பொங்குகிற சீசனில் நாங்கள் எல்லோரும் பேய் பிடித்த மாதிரி பறிப்போம், கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் கூலி உண்டே. அவள் மட்டும் எப்போதும் போல ரெண்டு இலையும் மொட்டுமாக, மேசை விரித்த மாதிரி மட்டமாக, மெல்ல எடுத்துக்கொண்டு வருவாள். "ரோசம்மாக்கா, ஒன் கூடைக்குள்ள கோழி அடைகாக்கலாம், அவ்வளவு எடம் கெடக்கு" என்று நான் கேலி பண்ணுவேன். கங்காணிக்குக் கோபம் வரும். "என்ன ரோசம்மா, செடிக்குத் தாலாட்டா பாடுத?" என்று கத்துவார். அவள் தலையைத் தூக்காமலே, "நாளைக்கும் வரணும்லா சார்" என்பாள். இடுப்பு வலி என்று, கை வெட்டு என்று நாங்கள் மாறி மாறி லீவு போட்டோம். அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுக் கம்பெனிக்காரன் போன பிறகும் அவள் காலையில் போய் ஒரு மடி கொழுந்து எடுத்துவந்து, வாணலியில் வறுத்து, தன் பாலில்லாத கட்டன்சாயாவுக்கு வைத்துக்கொள்வாள். ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள். கல்லறையில் அவள்மேல் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அவள் போய் வருஷங்கள் ஆன பிறகுதான் எனக்கும் சுகர் என்று சொன்னார்கள். "அம்மா, தெவசமும் நடக்கணும் கேட்டோ" என்று ஹெல்த் சென்டர் ஆஷா சேச்சி வீடு தேடி வந்து, தினமும் நடக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நானும் உன் அப்பா வழியிலேயே போனேன். ஏலப்பாறை கடைத்தெரு வரைக்கும் ஒரே மூச்சில் நடந்து, திரும்பி வந்து, கால் வீங்கிப் படுத்து, சே என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் விறகுக்காக ஏழாம் நம்பருக்கு ஏறினேன். நீ பார்த்திருக்கிறாயே, கைவிட்ட தேயிலை எப்படி ஆகிவிடுகிறது என்று. இடுப்புயரச் செடியாக நாம் நினைத்தது உண்மையில் மரம்தான். கொழுந்து எடுத்து எடுத்துத்தான் அதைச் செடியாக வைத்திருந்தோம். விட்டால் கூரைக்கு மேலே போய்விடுகிறது, அடியில் பட்டப்பகலிலும் வெளிச்சம் இல்லை, பட்டையெல்லாம் பாசி. அன்று பனிமூட்டம் வேறு. அந்த மரங்களுக்குள் குனிந்து குனிந்து மேல்கோடிக்குப் போனபோது திடீரென்று தலைக்குமேல் வானம் தெரிந்தது. ஒரு நிரை மட்டும் இடுப்புயரத்தில், மேசை விரித்த மாதிரி மட்டமாக நின்றது. அது ரோசம்மா அக்காவின் நிரை. கிட்டே போய்ப் பார்த்தேன். கிள்ளிய நுனிகளில் இன்னும் ஈரம் இருந்தது.

யாரோ பறிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யார் பறிப்பது? நம் வரிசையில் மூன்று வீட்டில்தான் அடுப்பு எரிகிறது, மூன்றிலும் என்னைவிடக் கிழங்கள். யார் என்று பார்த்தே விடுவது என்று மறுநாள் போனேன், அதற்கும் மறுநாள் போனேன். ஆளைக் காணோம். ஈர மண்ணில் என் கால்தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. ஆனால் பனி அடர்ந்த காலையில் நான் மூச்சை அடக்கி நின்றால், காம்பு முறிகிற சத்தம் கேட்கும். கொழுந்து எடுத்தவள் காதுக்கு அந்தச் சத்தம் தப்பாது. அவசரமே இல்லாத சத்தம். நான் வேகமாக அதை நோக்கிப் போனால் நின்றுவிடும், சும்மா நின்றால் மறுபடி தொடங்கும். பயமாக இல்லையா என்று கேட்பாய். இருந்தது, ஏன் இல்லை? ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் போனேன். ஆனால் பயத்தைவிட ரோஷம் அதிகமாக இருந்தது. செத்தவளே தன் நிரையை இப்படி வைத்திருக்கிறாள், உயிரோடு இருக்கிற என் நிரை பக்கத்திலேயே காடாகக் கிடக்கிறதே என்று.

ரோஷம் வந்தால் நம் குடும்பத்தில் யாருக்குத்தான் நிதானம் இருக்கிறது! கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனேன். கவ்வாத்து என்பது ஓங்கிய செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குகிற வேலை. அதில் ஒரு முறை இருக்கிறது. எல்லாக் கிளையையும் வெட்டிவிடக் கூடாது. ஒரு கிளையை இலையோடு விட்டுவைக்க வேண்டும். செடி அந்த ஒரு கிளையில்தான் மூச்சு விட்டுக்கொண்டு, வெட்டின இடத்திலெல்லாம் மெல்லத் துளிர்க்கும். இது எனக்குப் பால்குடி மாறாத வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், என் நிரையில் கைக்கு எட்டின மரத்தையெல்லாம் ஒரு கிளை விடாமல் மொட்டையாக வெட்டித் தள்ளினேன். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்கிற வெறி. கை கொப்புளித்து, முட்டி பூசணிக்காயாக வீங்கி, எழுந்திருக்க முடியாமல் வாரக்கணக்கில் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி வைத்துத் தந்தாள். மறுபடி கம்பு ஊன்றிக்கொண்டு மேலே போனபோது நான் வெட்டின மரங்களெல்லாம் காய்ந்து கருத்துப்போயிருந்தன. எல்லாம் செத்துவிட்டன, மகனே. ஆனால் அதற்கு அடுத்தது, நான் தொடாமல் விட்ட மரம், ஒன்றே ஒன்று, இடுப்புக்குக் கீழே சுத்தமாக வெட்டி இறக்கப்பட்டிருந்தது. ஒரு கிளை மட்டும் இலையோடு நின்றது. வெட்டின இடத்தில் அரிசி மாதிரித் துளிர் வந்திருந்தது. என் நிரையில் எனக்காக யாரோ ஒரு செடியை ஆரம்பித்து வைத்திருந்தார்கள். "நாளைக்கும் வரணும்லா" என்று காதருகில் கேட்டது மாதிரி இருந்தது. கேட்டதா, நினைத்தேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு செடி, அவ்வளவுதான். வெட்டினது துளிர்த்து வந்த பிறகு, தினமும் கொஞ்சம் கொழுந்து. மேல்கோடிக்கு ஏறுகிற ஏற்றம்தான் என் நடை. மூச்சு வாங்கினால் நிற்பேன், மூச்சு வாங்காவிட்டால் கொஞ்சம் எட்டிப்போடுவேன். மூச்சே வாங்காமல் போய்வந்தால் அது நடையில்லை, உலாத்தல். இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவே சும்மா இருக்கச் சொல்லிவிட்டாள் என்று காலை நீட்டிவிடுவாய். சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏழாம் நம்பர் முழுக்க மரமாக நிற்கிறது. உடம்பு சரியில்லாத நாளில் ஏறிப்போய்ச் செடியைத் தொட்டுவிட்டு மட்டும் திரும்புவேன், ஆனால் போகாமல் இருக்கமாட்டேன். சீனியை ஒரேயடியாக விடவில்லை, கரண்டியைச் சின்னதாக்கினேன், இப்போது கட்டன் வெறுமனே இறங்குகிறது. சோற்றை விடவில்லை, தட்டை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைத்தெருவில் ஒரு பருப்புவடை, சூடாக, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நின்று தின்பேன். அது நான் விட்டுவைத்த கிளை. உன் அப்பா தவக்காலத்தில் ஒரு கிளை விடவில்லை, அதனால்தான் ஈஸ்டரன்று அப்படி விழுந்து தின்றார். நீ ஷூ வாங்கின அன்று சோற்றையும் வெட்டி, தூக்கத்தையும் வெட்டி, மொட்டையாக நின்றாய். பாலத்தடியில் விழாமல் என்ன செய்வாய்?

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனேன், நினைவிருக்கிறதா? ரோசம்மா அக்கா நிரையைக் காட்டினேன். "எம்மா, மிளா மானு மேஞ்சிருக்கும்மா. அதுக்குப் போயி பேயி பிசாசுன்னுட்டு" என்றாய். "மிளா ரெண்டு இலையும் மொட்டுமா பாத்துத் திங்குமாலே?" என்று கேட்டேன். நீ போனைத் தூக்கிப் படம் எடுத்தாய். படத்தில் வெறும் பனிதான் விழுந்தது. இறங்கி வரும்போது நீ எனக்கு முன்னால் நடக்கவில்லை, என் முந்தானையை ஒட்டியே வந்தாய். அதை நான் கேலி பண்ணவில்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. இந்த ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் வழக்கம்போல ஏறினேன். ரோசம்மா அக்கா நிரை மட்டமாக நின்றது, என் நிரையும் நின்றது. என் நிரைக்கு அந்தப் பக்கம், யாரும் தொடாத மூன்றாவது நிரையில், ஒரு மரம் வெட்டப்பட்டிருந்தது. வேலை தெரியாத வெட்டு. ஒரே வீச்சில் விழவேண்டியதை நாலு தடவை கொத்திப் பிய்த்திருந்தது. வெட்டின வாட்டத்தைப் பார்த்தேன். வலது கைக்காரர்கள் வெட்டினால் வெட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கும், இது மறுபக்கம் சரிந்திருந்தது. இடது கை வெட்டு. நம் வீட்டில் இடது கைக்காரர்கள் ரெண்டே பேர், ஒருவர் கல்லறையில், இன்னொருவன் கோயம்புத்தூரில். மேலே அந்த இடத்தில் டவர் கிடைக்கும், அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். "உயிரோட இருக்கியாலே?" என்று கேட்டேன். "என்னம்மா, காலங்காத்தால! பல்லு வெளக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தாய். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நீ சிரித்துக்கொண்டிருந்ததால் அது உனக்குக் கேட்கவில்லை.

அப்படியானால் அது அவர்தான். ஈஸ்டருக்கு மறுநாள், தன் நோன்பையெல்லாம் தூக்கிப்போட்டு எப்போதும் நிறுத்திவிடுகிற அதே நாளில், தொடங்கியிருக்கிறார். ஃபாக்டரிக்காரர், கவ்வாத்துக் கத்தியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. முதல் மரத்தில் ஒரு கிளைகூட விடவில்லை, அது செத்துவிட்டது. ரெண்டாவதில் ஒரு கிளை விட்டிருந்தார். இப்போது விடுகிறார், மகனே, ஒவ்வொன்றிலும் விடுகிறார். வெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகிக்கொண்டு வருகிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று ஒரு தடவையாவது செய்தாரா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து, ஒரே மூச்சில் விட்டார். இப்போது செய்கிறார். செய்து என்ன பிரயோஜனம்? துளிர்த்ததைப் பார்க்க அவருக்குக் கண் இருக்கிறதோ இல்லையோ, வடை தின்ன வாய் இல்லை, என் பக்கத்தில் உட்காரக் கால் இல்லை. நான் கொழுந்து எடுக்கும்போது ஒரு பக்கம் காம்பு முறிகிற சத்தம், மறுபக்கம் கத்தி படுகிற சத்தம். "மெல்லமா வெட்டுங்க" என்று சில நாள் சொல்லவும் செய்கிறேன். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

அவர் நிரைக்கு அடுத்து இன்னொரு நிரை இருக்கிறது. நாலாவது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று ஜெனி போனை வைத்ததும், முட்டி வலியையும் பார்க்காமல் அங்கேதான் ஓடினேன். அந்த நிரையின் முதல் மரத்தை அடியிலிருந்து தடவிப் பார்த்தேன். பாசி அப்படியே இருந்தது, ஒரு கிளை ஒடியவில்லை, எங்கேயும் இடது கை வெட்டு இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி தினமும் காலையில் என் நிரைக்குப் போகுமுன் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். உனக்கு அங்கே வேலை வேண்டாம், ராசா. உன் நிரை கோயம்புத்தூரில் இருக்கிறது. உன் தெருதான், உன் தட்டுதான், உன் தூக்கம்தான். கையும் காலும் வாயும் இருக்கும்போதே அதை எடு. பரணிலிருந்து ஷூவை இறக்கு. ஓடாதே. தெருமுனை வரைக்கும் போய்விட்டு வா, நாளைக்கும் போகிற மாதிரி போ. ஞாயிற்றுக்கிழமை ஜெனி கையால் பிரியாணி ஒரு தட்டு சாப்பிடு, சந்தோஷமாகச் சாப்பிடு, திங்கட்கிழமை மறுபடி தெருமுனை. போய்விட்டு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்கமாட்டேன், எடுத்தால் உனக்குக் காசு போகும் என்பதற்காக இல்லை, என் கை அந்த நேரத்தில் அந்த நாலாவது நிரை மரத்தின்மேல் இருக்கும்.

இன்று காலையும் அந்த நாலாவது நிரையைப் போய்ப் பார்த்தேன். அது மரமாகத்தான் நிற்கிறது. அப்படியே நிற்கட்டும்.

உன் அம்மா